பெண் வீட்டுக் கையெழுத்து

“மாப்பிள்ளை சார், முன்னாடி வந்து உட்காருங்க” என்றார் விசா ஏஜென்ட்.

அவன் அதைத் திருத்தவில்லை. பின்னால் காத்திருந்த நாலு பேரில் தெரிந்த முகம் ஏதாவது இருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான். வீட்டுப் பக்கத்திலேயே இப்படி ஒரு ஆபீஸ் இருந்தும், இரண்டு ரயில் மாறி இங்கே வந்திருந்தான்.

“மனைவி விசாதானே? இந்தக் காகிதத்தை எல்லாம் சேர்க்கறதுக்குள்ள பாதிப் பேருக்குக் கல்யாண ஆசையே போயிடும்” என்று சிரித்தார் ஏஜென்ட். “அவங்க வரலையா?”

“வேலைக்குப் போயிருக்காங்க.” அவன் ஃபைலை நீட்டினான்.

திருமணப் பதிவுச் சான்றிதழ் சரியாக இருந்தது. போலீஸ் சர்டிபிகேட்டும் இரண்டு நாட்டிலிருந்தும் வாங்கியாகிவிட்டது, ஊரிலிருந்து ஒன்று, பிழைக்க வந்த இந்த நாட்டிலிருந்து ஒன்று. ஏஜென்ட் ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டே வந்தார்.

பிறப்புச் சான்றிதழில் அவர் விரல் நின்றது. தேதியைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக அவனைப் பார்த்தார். வாய்வரை வந்ததை மென்று விழுங்கிவிட்டு, “இப்பல்லாம் யார் சார் வயசு பார்க்கறா?” என்றார்.

அவனுக்குக் காது மடல் சுட்டது.

“தப்பா நினைக்காதீங்க, கேட்டே ஆகணும். அவங்களுக்கு முன்னாடி ஏதாவது கல்யாணம்...?”

“ஆச்சு.” ஃபைலின் அடியிலிருந்து ஒரு தாளை உருவி, கவிழ்த்து வைத்துத் தள்ளினான். “முதல் கணவரோட இறப்புச் சான்றிதழ்.”

பின்னால் யாரோ செருமினார்கள். ஏஜென்ட் தாளைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தார். “தேதி மேலயே முத்திரையைக் குத்தி வச்சிருக்கான். படிக்க முடியலையே.”

அவன் குனிந்து பார்க்கவில்லை. நாள், மாதம், வருடம் மூன்றையும் சொன்னான். காலை நாலே கால் மணி என்றும் சொன்னான்.

“மணியெல்லாம் வேண்டாம் சார், தேதி போதும்” என்று ஏஜென்ட் எழுதிக்கொண்டார். “அடுத்தது, கல்யாண போட்டோ.”

“போன்ல இருக்கு. அவங்க அனுப்பியிருந்தாங்க.”

ஏஜென்ட் போனுக்காகக் கை நீட்டினார். அவன் கொடுக்கவில்லை. அவருடைய நம்பரைக் கேட்டுத் தானே அனுப்பினான். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

“என்ன சார், இப்பதான் டவுன்லோடே ஆகுது? கல்யாணம் ஆகி ரெண்டு மாசம் ஆச்சே! சொந்தக் கல்யாண போட்டோவைப் பார்க்காத மாப்பிள்ளையை இன்னிக்குத்தான் பார்க்கறேன்.”

பின்வரிசை சிரித்தது. அவனும் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

பிரின்டர் ஆறு படங்களைத் துப்பியது. பதிவு அலுவலகத்தின் வெள்ளைச் சுவர், அதன் முன்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள். கசங்கிவிடக் கூடாதே என்று பயந்து உட்கார்ந்த மாதிரி, புதுப் புடவையில் அவள். எல்லாப் படத்திலும் அவளுக்கு இடதுபுறம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதன்மேல் அவள் கைப்பை. ஒரு படத்தில் யாரோ அதை எடுக்கப் போக, அவள் கை நீட்டித் தடுத்துக்கொண்டிருந்தாள்.

அந்த இடம் யாருக்காகப் பிடித்து வைத்தது என்று அவனுக்குத் தெரியும். அன்று காலை அவள் மூன்று முறை போன் செய்தாள். அவன் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, ஆபீஸில் இல்லாத வேலையை இழுத்துப்போட்டுச் செய்துகொண்டிருந்தான்.

ஏஜென்ட் படத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். “ஒரு நிமிஷம். நரைச்ச மீசையோட இருக்கற இவரா மாப்பிள்ளை? நீங்க இல்லையா?”

“நான் இல்லை.”

ஏஜென்ட்டின் குரலில் இருந்த விளையாட்டு போய்விட்டது. “சரி, அது எப்படியோ போகட்டும். இதுல வேற ஒரு சிக்கல் இருக்கு. பொண்ணு பக்கத்துல காலி நாற்காலிதான் இருக்கு, பொண்ணு வீட்டுல ஒருத்தர்கூட வரலையே! விசாவுக்காகப் பண்ணின பொய்க் கல்யாணம்னு ஒரே வரியில எழுதித் திருப்பிடுவாங்க. பொண்ணுக்கு ரத்த சொந்தம் யாராவது, இந்தக் கல்யாணம் நிஜம், எனக்கும் இதுல சம்மதம்னு பிரமாணப் பத்திரத்துல கையெழுத்துப் போடணும். அப்படி யாராவது இருக்காங்களா?”

யாருமில்லை என்று சொன்னால் போதும். மனு தள்ளுபடியாகிவிடும். சொந்தக்காரர்களின் வாயும் அடங்கிவிடும். அவள் இரண்டாவது தடவை கேட்கிறவள் இல்லை. அப்படியே ஆகட்டும் என்றுகூட ரயிலில் வரும்போது ஒரு மூலையில் நினைத்திருந்தான்.

கைப்பை வைத்த நாற்காலியை இன்னொரு முறை பார்த்தான். இரண்டு மாதமாக அவளை நினைத்துக் கூசியவனுக்கு, இப்போதுதான் தன்னை நினைத்துக் கூசியது.

“நான் போடறேன்” என்றான். பின்வரிசைக்கும் கேட்டிருக்கும்.

ஏஜென்ட் பேனாவைத் திறந்தார். “பொண்ணுக்கு நீங்க என்ன வேணும் சார்? தம்பியா?”

“கல்யாணப் பொண்ணு எங்கம்மா.”