வோல்க்மாரின் சபதம்

கால்பந்து அணியின் பயிற்சியாளரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்ற செய்தி வந்த சனிக்கிழமை, மைதானத்தின் தெற்குப் பார்வையாளர் மேடையில் கிசெலாவைத் தவிர எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கோடையில் வந்த மனிதர். போன வருடம் கோப்பையைத் தூக்கிய அணியைப் பனி விழுவதற்குள் பன்னிரண்டாம் இடத்துக்கு இறக்கிவிட்டார். பந்து முன்னால் போவதே அவருக்கு ஆகாது என்று மேடையில் சொல்வார்கள்.

மேடைக் கூட்டாளி ஹைனர் வழக்கமாக மூன்று பியர் வாங்கி வருவார். இன்று நான்கு. நான்காவதைக் கிசெலாவின் பக்கத்தில், காலியாகக் கிடந்த சிமெண்டுப் படியில் வைத்தார்.

அது அவள் கணவர் வோல்க்மார் நிற்கும் இடம்.

ஆகஸ்டில், முதல் ஆட்டத்திலேயே, பந்து மறுபடியும் மறுபடியும் கோல்கீப்பருக்கே திரும்பிப் போனதைப் பார்த்து வோல்க்மார் மேடை அதிரக் கத்தினார். இந்த ஆள் அந்தப் பெஞ்சில் இருக்கிற வரைக்கும் இந்தப் படியில் என் கால் படாது. பாதி ஆட்டத்தில் இறங்கிப் போய்விட்டார்.

போனவர் வீட்டில் வானொலியோடு உட்கார்ந்துகொண்டு கிசெலாவை மட்டும் அனுப்பினார். இடம் போய்விடக் கூடாது. திரும்பி வந்து எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொல்லவும் வேண்டும்.

மேடைக்கு வெளியே இவர்கள் ஒருவர் வீட்டை ஒருவர் அறியாதவர்கள். எத்தனை வருடம் தோளோடு தோள் உரச நின்றாலும், ஆட்டம் முடிந்தால் ஆளுக்கொரு ரயில். வோல்க்மாரைப் பற்றிக் கிசெலா சொல்வதுதான் செய்தி.

"இன்னும் முறுக்கிக்கிட்டுத்தான் இருக்கானா?" என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் கேட்பார்கள். ஆமாம் என்பாள். உடனே ஆரம்பிப்பார்கள். கழுதை. பிடிவாதம் பிடிச்ச கழுதை. பொண்டாட்டியக் குளிர்ல நிக்க வச்சிட்டு சோபாவுல சாஞ்சு கெடக்கறான் பாரு.

கிசெலா ஒரு வார்த்தையும் சிந்திவிடாமல் கேட்டுக்கொண்டு நிற்பாள்.

அணி தோற்கத் தோற்க, பயிற்சியாளரை வெளியே போகச் சொல்லி மேடையே கத்தியது. அவள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரே ஒரு வாரம் அவரை விட்டுவைக்கட்டும் என்று உள்ளுக்குள் கெஞ்சினாள்.

விட்டுவைக்கவில்லை.

"எங்க உன் வீட்டு மகாராஜா?" என்றார் பின்வரிசை ரல்ஃப். "சபதந்தான் முடிஞ்சு போச்சே. மூத்திர வரிசையில நிக்கிறானா?"

"வர்றப்ப அந்தப் பழைய மஃப்ளரப் போட்டுட்டு வரச் சொல்லு," என்றார் ஹைனர். "அது வந்தாத்தான் நாம உருப்படுவோம்."

அந்த மஃப்ளரை அக்டோபரில் கிசெலாதான் இரண்டாக மடித்து வோல்க்மாரின் நெஞ்சின் மேல் வைத்தாள். பெட்டியை மூட வந்தவர்கள் அதுவரை காத்திருந்தார்கள்.

கீழே தற்காலிகப் பயிற்சியாளர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். ஒல்லியான மனிதர். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தொடைக்கடியில் வைத்துக்கொண்டார். ஆட்டம் தொடங்கியது. முதல் பந்தே கோல்கீப்பருக்குத் திரும்பிப் போனது.

படியில் இருந்த பியரின் நுரை அடங்கிவிட்டது.

"இந்த ஆளையும் அவருக்குப் பிடிக்கலையாம்," என்றாள் கிசெலா.

ஹைனர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு குனிந்து அந்தப் பியரை எடுத்துக் குடித்தார்.

"கழுதை," என்றார்.