பேட்டரிக்கு வைத்த பொட்டு

ஏரி நடுவில் லாஞ்சின் விளக்குகள் மறுபடியும் பல்லிளித்தன.

எல்லப்பனுக்கு வாயில் நல்ல வார்த்தை வரவில்லை. அவனோடு லாஞ்சில் வேலை பார்க்கும் பாண்டுரங்கன், வலை எடுக்கச் சின்னத் தோணியில் போனது மத்தியானம். அதற்குப் பிறகு அடித்த காற்றில் செம்பரம்பாக்கம் ஏரி கடல் மாதிரி புரண்டது. இப்போது இருட்டிவிட்டது. ஆள் வரவில்லை.

பாண்டுரங்கனின் பெண்சாதி காந்திமதி கேபினுக்குள் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கரையிலேயே இரு என்றால் கேட்கிற நிலையிலா இருந்தாள்?

லாஞ்சின் வெளிச்சத்தைப் பார்த்தால்தானே அவன் குரல் கொடுப்பான்? அந்த வெளிச்சமோ மின்மினிப்பூச்சி மாதிரி வருகிறது, போகிறது.

எல்லப்பன் பல்பைத் திருகிப் பார்த்தான். ஃப்யூஸ் நன்றாகத்தான் இருந்தது. சுவிட்சுக்கு ஒரு குத்து விட்டான், அதற்கும் மசியவில்லை. எல்லா பல்பும் சேர்ந்தே மங்குகிறதென்றால் கோளாறு பல்பில் இல்லை, அடிவேரில்.

என்ஜினை நிறுத்திவிட்டுப் பேட்டரிப் பெட்டியைத் திறந்தான். மீன் குத்தகைக்காரரின் பழைய அம்பாசிடரிலிருந்து கழற்றி வைத்த பேட்டரி. கிளாம்பைத் தொட்டதுதான் தாமதம், இருந்த வெளிச்சமும் போய்விட்டது.

தீக்குச்சியைக் கிழித்தான்.

டெர்மினலில் சந்தனம். நடுவில் குங்குமம் வேறு.

போன வாரம் ஆயுத பூஜை. எந்தப் புண்ணியவானோ டெர்மினலுக்குப் பொட்டு வைத்து, அதன் மேலேயே கிளாம்பை மாட்டி முடுக்கியிருக்கிறான். காய்ந்த சந்தனம் கரண்டை விடுமா? ஸ்டியரிங்குக்கு வை, பெட்டி மேல் வை, யார் வேண்டாமென்றார்கள்? பாண்டுரங்கனுக்கு ஏதாவது ஆகட்டும், பொட்டு வைத்தவன் கையை ஒடிக்காமல் விடுவதில்லை என்று எல்லப்பன் பல்லைக் கடித்தான்.

தீக்குச்சி விரலைச் சுட்டுவிட்டு அணைந்தது.

"அண்ணே! அங்க பாருண்ணே, லாந்தர் எரியுது!"

காந்திமதி இத்தனை நேரமும் அதே கண்ணாடியில்தான் கண்ணை வைத்திருந்தாள். பல்பு எரிந்தவரை அதில் அவள் முகம்தான் தெரிந்தது.

எல்லப்பனும் பார்த்தான். கோரைப் புல் ஓரமாக, கடுகளவு வெளிச்சம். அந்தப் பக்கம் ஏற்கெனவே போய்த் திரும்பியிருந்தார்கள். என்ஜின் இரைச்சலில் பாண்டுரங்கன் கத்தியதும் கேட்டிருக்காது.

கைப்பிடியைச் சுற்றி என்ஜினைக் கிளப்பி, விளக்கே இல்லாமல் அந்தப் பொட்டு வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டு லாஞ்சை விட்டான்.

தோணியில் பாதி தண்ணீர். துடுப்பைக் காணோம். மண்ணெண்ணெய் தீர்ந்த லாந்தர், பாண்டுரங்கனை லாஞ்சுக்குள் தூக்கிப் போடும்போதே அணைந்துவிட்டது. காந்திமதி அவன் முதுகில் அடித்து அடித்து அழுதாள்.

எல்லப்பன் கிழித்த தீக்குச்சி வெளிச்சத்தில், திறந்து கிடந்த பேட்டரிப் பெட்டியைப் பாண்டுரங்கன் பார்த்தான். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது.

"நான்தாண்ணே மாட்டினேன். பூஜை அன்னிக்குப் பொட்டு வெக்காம எப்டிண்ணே மாட்றது?"

எல்லப்பனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. நீ நல்லா இருடா என்று மனசார நினைத்தான்.

கத்தியால் டெர்மினலைச் சுரண்டினான். கிளாம்பை முடுக்கியதும் எல்லா பல்பும் பளிச்சென்று எரிந்தன. விரலில் ஒட்டியிருந்த சந்தனத்தைக் கழுவக் குனிந்தவன், என்ன நினைத்தானோ, அதைத் தன் நெற்றியில் இட்டுக்கொண்டான்.

பேட்டரி ஆசிட் சுரீரென்று எரிந்தது. கரை சேரும்வரை அவன் அதைத் துடைக்கவில்லை.