மாலையில் விடுவிக்கப்பட்டனர்

சாலையில் உட்கார்ந்து கோஷம் போட்டவர்களில் பாதிப் பேர் பட்டுப்புடவை கட்டியிருந்தார்கள்.

வேங்கிக்கால், ஆட்சியர் அலுவலக வாசல். திங்கட்கிழமை, காலை எட்டரை மணி. இருபத்தாறு வருஷமாக போலீஸ் வேலை பார்க்கிறேன். இப்படி ஒரு மறியலை நான் கண்டதில்லை. தலை நிறைய மல்லிப்பூ, கழுத்து நிறைய நகை. கோஷத்துக்குத் தாளம் போட மேளம் வேறு. முகக்கவசம் மட்டும் ஒருத்தர் பாக்கியில்லாமல் போட்டிருந்தார்கள். அந்த விஷயத்தில் குறை சொல்ல முடியாது.

முன்னால் நின்று தொண்டை கிழியக் கத்தியவர் ராஜமாணிக்கம். கீழ்பென்னாத்தூர்க்காரர், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடும் விவசாயி. கொரோனாவுக்காகக் கல்யாணத்தில் ஐம்பது பேருக்கு மேல் கூடக்கூடாது என்று வந்த உத்தரவை ரத்து செய்ய வேண்டுமாம்.

"அம்பது பேருன்னா எப்டிங்க மேடம்?" என்று எங்கள் இன்ஸ்பெக்டர் கஸ்தூரியிடம் மல்லுக்கு நின்றார். "மாப்ள வீட்டுக்கு முப்பது போச்சு. ஐயரு, மேளம், சமையல்னு பத்து. மீதி பத்துல நான் யாரக் கூப்புடுவேன்? எம் பொண்ணுக்கு மாமனே நாலு பேரு, குடும்பத்தோட இருபது தல. எந்த மாமன வராதன்னு சொல்றது?"

அவர் பின்னால் மாமன்கள் நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

வேடிக்கை பார்க்கிற கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? டிவியில் வரணும்னு சிங்காரிச்சிக்கினு வந்திருக்குதுங்க என்றார் டீக்கடைக்காரர். ஒயின் ஷாப்பு கியூவுல வராத கொரோனா கல்யாணத்துலதான் வருதா என்று பைக்கில் வந்த ஒருவர் கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனார். நாலு பேர் செல்போனில் படம் பிடித்தார்கள். அதில் ஒருவர் முகக்கவசத்தைத் தாடையில் மாட்டிக்கொண்டு எனக்கே சட்டம் சொன்னார்.

நின்றுபோன டவுன் பஸ்ஸிலிருந்து ஓர் அம்மா தலையை நீட்டினாள்.

"எங்கப்பன் செத்ததுக்கு இருபது பேருதான் விட்டாங்க. சேந்து அழக்கூட ஆளு இல்ல. உங்களுக்குக் கல்யாணம் கேக்குதா?"

கோஷம் சட்டென்று நின்றுவிட்டது. எனக்கே சுருக்கென்றது. ராஜமாணிக்கம் இரண்டு கையையும் கூப்பி, "மன்னிச்சிக்கம்மா" என்றார். எல்லோரையும் எழுந்து ஒதுங்கச் சொல்லி அந்த பஸ்ஸுக்கு வழி விட்டார். பஸ் போனதும் மறுபடி உட்கார்ந்துகொண்டார்கள்.

எங்கள் வேன்கள் வந்தன. ஏறுங்கள் என்றால் மனுஷன் அசையவில்லை.

"ஒன்பது அடிக்கட்டும் மேடம், நாங்களே ஏறிக்கறோம்."

டிவிக்காரர்களுக்காகக் காத்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர்களும் வந்தார்கள், படம் எடுத்தார்கள், போனார்கள். அப்போதும் அசையவில்லை. சரியாக ஒன்பது மணிக்குக் கோஷத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்தார். நூற்றுப் பன்னிரண்டு பேரும் வரிசையாக, வலது காலை எடுத்து வைத்து வேனில் ஏறினார்கள். தள்ளுமுள்ளு இல்லை, ஒரு கெட்ட வார்த்தை இல்லை. எல்லா மறியலும் இப்படி இருந்தால் எங்கள் பிழைப்பு எவ்வளவு சுகமாக இருக்கும்!

எந்தக் கட்சி, எந்தச் சங்கம் வந்து உட்கார்ந்தாலும் நாங்கள் கொண்டுபோய் அடைப்பது பக்கத்திலுள்ள அந்த ஒரே கல்யாண மண்டபத்தில்தான். மாலை ஆறு மணிக்கு விட்டுவிடுவோம். ஊரறிந்த வழக்கம். மாதக்கணக்கில் பூட்டிக் கிடந்த மண்டபத்தை, சாவி வாங்கி வந்து நானே திறந்துவிட்டேன்.

வழக்கம்போல மத்தியானத்துக்கு அவர்களுக்குத் தக்காளி சாதம் சொல்லக் கிளம்பினேன். "சாப்பாட்டுக்கு நீங்க அலையாதீங்க சார், நாங்க பாத்துக்கறோம்" என்றார் ராஜமாணிக்கம். எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்துக்கொண்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து டீயை வாயில் வைத்தேன்.

உள்ளே கெட்டிமேளம் கேட்டது.

டீ சட்டையெல்லாம் கொட்டியது. மேடமும் நானும் ஓடினோம்.

காலையில் முன்வரிசையில் உட்கார்ந்து முஷ்டியை உயர்த்திய பையன், மேடையில் தாலி கட்டி முடித்து நிமிர்ந்தான். பக்கத்தில் இருந்த பெண் அப்போதுதான் முகக்கவசத்தைக் கழற்றினாள். மாமன்கள் நாலு பேரும் இடைவெளி விடாமல் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். திங்கட்கிழமை ராகுகாலம் ஒன்பது மணி வரை என்பது அந்த நிமிஷம்தான் என் மரமண்டையில் ஏறியது.

"அம்பது பேருக்கு மேல கூடக் கூடாதுன்னு தெரியுமில்ல?" என்று மேடம் கத்தினார்.

"தெரியும் மேடம்" என்றார் ராஜமாணிக்கம், பணிவாக. "நாங்க எங்க கூடனோம்? நீங்கதான கொண்ணாந்து வெச்சீங்க."

மேடம் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த சாவியைப் பார்த்தேன்.

"வேணு, கைதானவங்க பேரெல்லாம் எழுதியாச்சா?" என்று என்னிடம் கேட்டுவிட்டு மேடம் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று எனக்குத் தெரியாதா?

நோட்டை எடுத்துக்கொண்டு மேடைக்குப் போனேன். அந்தப் பெண் பெயர் அபிநயா என்றாள். தகப்பனார் ராஜமாணிக்கம் என்று நானாகவே எழுத ஆரம்பித்தேன்.

"சார்" என்றாள் மெதுவாக. "இவரு பேரே எழுதிக்கங்க. பாலாஜி."

எழுதியதை அடித்துவிட்டு, கணவர் பாலாஜி என்று எழுதினேன். திரும்பினால், காலையிலிருந்து கோஷம் போட்ட மனுஷன் மேடைக்குக் கீழே நின்று தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தார்.

"எழுதிக்கங்க சார், நல்லா எழுதிக்கங்க. அதுக்குத்தான ரோட்டுல உக்காந்தோம்."