சத்தம் போடாத ஃபேன்

"வசனம் எழுதாத நாடகத்துல முதல் தப்பே மறுத்துப் பேசறதுதான்," என்றாள் நடிப்பு டீச்சர். "கூட நடிக்கிறவர் உங்களை டாக்டர்னு சொன்னா, நீங்க டாக்டர்தான். 'ஆமா'ன்னு ஏத்துக்கிட்டு, மேல ஒண்ணு சேத்துச் சொல்லுங்க. அவரை மேடையில தவிக்க விட்டுடாதீங்க."

கிரீஸ் கறைச் சட்டையோடு ஒருவர் கதவருகே வந்து நின்றார்.

"யாரு மேடம் இவரு?" முன்வரிசை மாணவி முகத்தைச் சுளித்தாள்.

டீச்சர் அந்தச் சட்டையைப் பார்த்தாள். "ஃபேன் ரிப்பேருக்கு வந்திருக்கார்."

வந்தவர் ஒரு கணம் விழித்தார். பிறகு, "ஆமாங்க. சத்தம் போடுதுன்னு சொன்னாங்க," என்று ஸ்விட்சை அணைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார்.

"சத்தமே இல்லையே," என்றான் ஒருவன்.

"ஆளுங்களைப் பார்த்தா அடங்கிடும். நீங்க போனப்புறம் ஒரே புலம்பல்."

வகுப்பே சிரித்தது. டீச்சர் மட்டும் தலை நிமிரவில்லை.

இடைவேளைக்கு எல்லாரும் வெளியே போனதும், அவர் இறங்கி வந்து சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்து டீச்சரிடம் நீட்டினார்.

"வீட்டுச் சாவியை விட்டுட்டு வந்துட்டே. பாப்பாவை ஸ்கூல்ல இருந்து நானே கூட்டிட்டு வந்துடறேன்."

அவளுக்கு முகம் எரிந்தது. "ஏங்க, நான் எதுக்கு அப்படிச் சொன்னேன்னே..."

"விடு. நான் மறுத்திருந்தா நீதானே அவங்க முன்னாடி தவிச்சிருப்பே?"

பையை எடுக்க அந்த மாணவி திரும்பி வந்தாள். இப்போதாவது சொல்லிவிடலாம். டீச்சர் வாயைத் திறந்தாள். பிறகு சாவியை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

அவர் ஒரு நொடி காத்திருந்தார்.

"சரி பண்ணிட்டேன் மேடம். இனிமே சத்தம் வராது."