முளைப்பயறு சுமந்த டப்பா

சைக்கிளில் அலுவலகம் போகும் திருவேங்கடத்திடம் ஒரு சாப்பாட்டு டப்பா இருந்தது. முளைகட்டிய பயறு, வெள்ளரி, கேரட் என்று சத்தானவற்றை மட்டுமே சுமந்ததால் அதற்குத் தலைக்கனம் அதிகம்.

"என்னால்தான் இவர் உடம்பு தேறுகிறது," என்றது, கேரியரில் உட்கார்ந்தபடி.

"அவர் உடம்பா, ஆபீஸ் வாசல் ஆட்டோட உடம்பா?" என்றது சைக்கிள். "மதியம் உன்னைத் திறந்து நாலு பேருக்குக் காட்டுறார். 'என்ன கட்டுப்பாடு சார்!'னு அவங்க அசந்து போறாங்க. அப்புறம் ஆட்டுக்குக் கொட்டிட்டு பரோட்டாக் கடைக்குக் கிளம்பிடறார். நான்தானே அண்ணே கூட்டிட்டுப் போறேன்!"

டப்பாவுக்கு மூடியே கழன்றுவிடும்போல் இருந்தது. "ஒரே ஒரு நாளாவது அவர் என்னிடம் உள்ளதைச் சாப்பிட வேண்டும், தம்பி. இல்லாவிட்டால் நான் வெறும் ஆட்டுத்தொட்டி."

சைக்கிளுக்கு மனம் இளகியது. மறுநாள் காலை, கடைகளே இல்லாத ஏரிக்கரைச் சாலையில் முள்ளாகப் பார்த்து ஏறியது. வெயிலில் நெடுந்தூரம் தள்ளிக்கொண்டு நடந்த திருவேங்கடம், பசி தாங்காமல் ஒரு மர நிழலில் உட்கார்ந்து, கடைசிப் பயறுவரை வழித்துத் தின்றார்.

"பார்த்தாயா, திருந்திவிட்டார்!" என்று டப்பா பூரித்தது.

திருவேங்கடத்துக்கும் தன்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது. பஞ்சர் கடைக்குப் பக்கத்தில் போண்டா பொரிந்துகொண்டிருந்தது. இவ்வளவு சத்து உள்ளே போனபிறகு எட்டு போண்டா என்ன செய்துவிடும்? பாதியை அங்கேயே தின்றார். மீதியை, எண்ணெய் சொட்டச் சொட்ட, காலியாக இருந்த டப்பாவில் போட்டு மூடினார்.