பாகுபாடு

இரண்டு கண்ணாடிக் குழாய்களில் சிவப்பு ஓடிக்கொண்டிருந்தது. 'குருதி ஓட்ட ஆய்வகம்' என்ற பலகையைப் படித்துவிட்டு உள்ளே நுழைந்த கன்னியப்பன், அதைக் கண்டதும் அலறினார்.

"அப்ப ஊர்ல சொல்றது நெசந்தான்! எம்பொண்ணு ரத்தமும் அந்த ஜஸ்டின் பையன் ரத்தமும் ஒரே மேசையில ஓடிகினு கீதா?"

உயிரிப் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவி மோகனப்பிரியா திடுக்கிட்டுத் திரும்பினாள். ஜஸ்டின் அவளுடைய ஆய்வுக்கூட்டாளி, அவ்வளவே. அவன் கையிலிருந்த நிறுத்துக் கடிகாரம் நிற்காமல் ஓடியது.

"நைனா, அது பாகு..."

"பாகுபாடுதான்டி! பாக்கத்தான் செய்வேன்! ஏழு தலமொறையா கலக்காத ரத்தம்டி நம்மள்து!"

குறுக்கிட எழுந்த பேராசிரியரை ஒரு கையசைப்பில் உட்கார வைத்தார் கன்னியப்பன். வேப்பம்பட்டில் பாட்டன் உழுத நஞ்சையை மனை போட்டு, வந்தவருக்கெல்லாம் விற்றவர் அவர். மண்ணை எவருக்கும் கொடுக்கலாம். நரம்புக்குள் ஓடும் நாலு சொட்டுக்கு மட்டும் கம்பிவேலி வேண்டும்! ஈதன்றோ குலப்பெருமை!

"டி.சி. வாங்கிக்கினு கெளம்பு. தை மாசம் உனக்கும் ஒன் மாமன் மவனுக்கும் கண்ணாலம். படிச்சது போதும்."

மோகனப்பிரியாவின் கண்கள் கலங்கின. வகுப்பே மேசையைச் சுற்றிக் கூடியது.

"இன்னாடி முழிக்கிற? எது நம்ம ரத்தம், எது கண்டவன் ரத்தம்னு பாத்தாலே எனக்குத் தெரியும்டி!"

அவள் குழாய்களைப் பார்த்தாள். கலக்கம் வடிந்தது.

"பாத்தாலே தெரியுமா நைனா? சரி, சொல்லு. சரியா சொல்லிட்டா இப்பவே உன்கூட வரேன். தப்பா சொன்னா, நான் படிச்சு முடிக்கிற வரைக்கும் கண்ணாலப் பேச்சே எடுக்கக் கூடாது."

"எல்லாரும் கேட்டுக்கோங்க! கொலதெய்வத்து மேல சத்தியம், நான் பேச்சு மாற மாட்டேன்!"

சந்தையில் மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்ப்பவரைப் போல் அவர் மேசையருகே குனிந்தார். அகன்ற குழாயில் சிவப்பு விரைந்து பாய்ந்தது. ஊசியாய் ஒடுங்கிய குழாயில் சொட்டுச் சொட்டாக இறங்கியது.

குழாய் குறுகினால் ஓட்டம் குன்றும். அன்றைய பாடமே அதுதான். ஆனால், குறுகியது எதுவென்று அந்தப் பெரிய மனிதருக்கு எடுத்துச் சொல்வார் யார்?

"இதோ! நிதானமா, கெத்தா எறங்குது பாரு, இதான் நம்மள்து! அதப் பாரு, சோத்துக்கு அலையற மாரி தறிகெட்டு ஓடுது. அது அவன்து!"

ஒடுங்கிய குழாயின் கீழிருந்த தட்டில் எறும்புகள் ஊர்ந்தன. கன்னியப்பன் மீசையை நீவிக்கொண்டார்.

"எறும்புகூட நல்ல ரத்தத்த மோப்பம் புடிச்சு வந்துகீது, பாரு!"

பக்கத்துத் தட்டிலும் எறும்புகள் மொய்த்துக்கொண்டுதான் இருந்தன. பிறப்பின் பெருமையில் கண் இழந்தவருக்குப் பக்கத்துத் தட்டு என்றைக்குத் தெரிந்தது?

"முடிவா சொல்றியா நைனா? மாத்த மாட்டியே?"

"எதுக்குடி மாத்தணும்?"

மோகனப்பிரியா அகன்ற குழாயின் வாயில் விரலை நீட்டினாள். ஒரு சொட்டை ஏந்தி, நிதானமாக நாக்கில் வைத்தாள்.

"அடிப் பாவி! அவன் ரத்தத்தயா நக்குற?"

"ரெண்டும் ஒரே குண்டான்ல காச்சின சர்க்கரைப் பாகு, நைனா."