கழுவி வைத்த குப்பை

“ஒரு செண்டு நெலம்கூட இல்ல உங்களுக்கு. மண்வளக் குழுவுல எதுக்குக்கா சேந்தீங்க?” என்றாள் கூட வேலை செய்யும் ராதிகா, குப்பைத் தள்ளுவண்டியை நிறுத்தி.

“கூலிக்குப் போற மண்ணும் நம்ம மண்ணுதானே” என்று சிரித்தாள் ஆயம்மாள்.

தியாகதுருகத்திலிருந்து பஸ் ஏறி வந்து, கள்ளக்குறிச்சியில் இந்தத் தெருவைத்தான் அவள் கேட்டு வாங்கியிருந்தாள். வீடு வீடாகக் காய்கறிக் கழிவை எடுத்து உரக்குழியில் சேர்ப்பதுதான் குழுவின் வேலை.

பச்சை கேட் வந்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வாசலில் இருந்த வாளியைக் கொட்டாமல் கிளறினாள். கீரைத்தண்டு, மாதுளைத் தோல். நல்லாத்தான் சாப்பிடுது.

“இன்னாக்கா, தங்கமா தேடுறீங்க? முன்னல்லாம் இந்த வூட்டு வாளியில புழு நெளியும். நீங்க வந்த பொறவு தோலைக்கூட அலசி வைக்கிறாங்க. குப்பையப் போய் யாராச்சும் கழுவுவாங்களா?”

ஆயம்மாளின் கை வாளிக்குள்ளேயே நின்றுவிட்டது.

சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போன மகள் ஷாலினியின் வீடு அது. தன் புருஷனுக்குப் பயந்து, மகளோடு பேசாமல் நாலு வருஷம் ஓடிவிட்டது. தான் வருவது மகளுக்குத் தெரியாது என்றுதான் இத்தனை நாளும் வாளியை எடுத்தாள்.

சாத்தியிருந்த ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள். முகத்திலிருந்த முந்தானையை மெல்ல இறக்கினாள்.